இசைத்தமிழ் வளர்த்த ஆபிரகாம் பண்டிதர்

இயல், இசை, நாடகம் என முத்திறப்பட்டது தமிழ் என்பதை நம் பள்ளிச் சிறாரும் ஒப்பிப்பர். ஆயினும், அம்மூன்றனுள் இயலொன்றனையே கல்வியெனக் கொண்டு, ஏனை இரண்டனையும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிட்ட பிழை நம்மைச் சார்ந்ததேயாம். திருவிழாக் காலத்து வில்லுப்பாட்டை இரவு முழுதும் கண்விழித்துக் கேட்கின்றோம். மாதா கோயிலிலும் சபைகளிலும் கீர்த்தனைகளை உளமுருகப் பாடுகின்றோம். பொழுது விடிந்தபின், நம் பிள்ளைகளுள் ஒருவர் அக்கலையைக் கற்க விரும்பின், அது நமக்கு ஏற்றதன்று என்று கூறித் தடுக்கின்றோம். கேட்பதற்கு இனிதாகிய ஒன்று கற்பதற்கு மட்டும் இழிவாவது எங்ஙனம் என்று யாம் பன்முறை எண்ணியதுண்டு.

கூடங்குளத்தில் நம் சங்கக் கட்டிடத்திலே சிறுவர் சிறுமியர்க்கு ஓர் இசைவகுப்புத் தொடங்குதல் வேண்டுமென்று அண்மையில் நடந்த கூட்டத்திற் பேச்செழுந்ததை அன்பர்கள் அறிவர். அப்போது மூன்று ஐயங்கள் எழுப்பப்பட்டன. வரும் ஆசிரியர் எக்குடியினர், எச்சமயத்தினர், எவருடைய சீடர் என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும் என்பது ஒன்று. பெண்மக்களை அவ்வகுப்பிற் சேர்த்தல் தகுமோ என்பது மற்றொன்று. இசை கற்றவன் எதனாற் பிழைப்பான் என்பது மூன்றாவது. ஐயங்களை எழுப்பிய பெரியோர் நம் பெருமதிப்பிற்குரியவர். குழந்தைகளின் நன்மையன்றி அவர்க்கு வேறு நோக்கமில்லை. ஆதலின், வாதம் புரியாது, நெல்லைச் சீமையிற் பிறந்து, ஆசிரியத் தொழில் பூண்டு, இசைக்கடலை அளந்த ஒரு பெரியாரின் சரித்திரத்தை எழுதுவதே தக்க விடையாகுமென்று துணிந்தோம்.

தென்காசிக்கும் சுரண்டைக்கும் அணித்தாய் உள்ளது சாம்பவர்வடகரை என்னும் ஊர். முன்னாளில் அது திருநெல்வேலி ஜில்லாவைச் சார்ந்திருந்தது. 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தின்பாற் பட்டது. அவ்வூரில் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள், நாடார் குலத்துக் கிறிஸ்தவக் குடும்பமொன்றில், முத்துசாமி என்பார்க்கும் அன்னம்மாள் என்பார்க்கும் மகவாய்த் தோன்றியவர் ஆபிரகாம். அரண்மனை வித்துவான்களின் வழியில் வந்தவரல்லர் அவர். தந்தை பாட்டனார் எவரும் வீணையேந்திச் சபையேறினர் என்று சொல்லும் மரபும் அவர்க்கில்லை. பனையும் வயலும் சூழ்ந்த சிற்றூரில் கோயில் மணியும் கும்மிப் பாட்டும் செவியிற்பட வளர்ந்த எளிய பிள்ளை என்றே கொள்க.

அக்காலத்திற் கல்வியில் மேற்செல்ல விரும்பிய ஏழைப் பிள்ளைகட்கு ஆசிரியப் பயிற்சியே எளிதிற் கிட்டிய வழியாகும். ஆபிரகாமும் திண்டுக்கல்லுக்குச் சென்று, அங்கிருந்த மிஷன் பயிற்சிப் பள்ளியிற் பயின்று தேறி, அவ்வூரிலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அச்சுத் தொழிலும், அந்நாளிற் புதுமையாயிருந்த ஒளிப்படக் கலையும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. கண்ட கலையையெல்லாம் கற்றுத் தெளிய வேண்டும் என்னும் வேட்கை இளமையிலேயே அவர்பாற் குடிகொண்டிருந்தது.

திண்டுக்கல்லிற்றான் இசையும் அவரை ஆட்கொண்டது. சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் அவர் பிடில் வாத்தியம் பயின்றார். கற்பித்தவர் ஒரு சமயத்தார், கற்றவர் ஒரு சமயத்தார். பகலிற் பள்ளிக்கூடத்தில் ஆசானாய் நின்றவர், மற்றை வேளையில் வேறோர் ஆசான் முன்னே மாணாக்கனாய் அமர்ந்தார். கற்பிக்கும் தொழிலை மேற்கொண்டார் கற்பதை நிறுத்துதல் கூடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. எம்போன்ற பள்ளியாசிரியர் இதனை நாடோறும் நினைத்துக்கொள்ளுதல் நலம்.

இனி, அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றிய நிகழ்ச்சியொன்று கூறுவாம். கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சுருளிமலை சித்தர்கள் உறையும் இடமெனப் பெயர் பெற்றது. மூலிகை மருத்துவத்தில் நாட்டங்கொண்டு அம்மலைக்குச் சென்ற ஆபிரகாம், ஆங்கே கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, அவர்பால் மருந்து முறைகளைக் கற்றறிந்தார். கிறிஸ்தவராகிய அவர் தம் சமயத்தைக் கைவிட்டாரல்லர். காட்டிலுறையும் முனிவரைக் குருவென்று வணங்கவும் தயங்கினாரல்லர். அக்குருபத்தி ஒருநாட் பத்தியன்று. பின்னாளில் அவர் அமைத்த மருத்துவசாலைக்குக் கருணாநிதி வைத்தியசாலை என்றும், தோட்டத்திற்குக் கருணானந்தபுரம் என்றும், இசைநூலுக்குக் கருணாமிர்த சாகரம் என்றும் பெயரிட்டார். செல்வமும் புகழும் வந்துற்ற காலத்தில் தம் பெயரை எங்கும் பொறித்துக்கொள்ளாது, ஆசானின் பெயரையே தம் செயல்களுக்கெல்லாம் முடியாகச் சூட்டிய மாணாக்கர் இவர்.

1882ஆம் ஆண்டில் ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் நங்கையை அவர் மணந்தார். அவ்வம்மையாரும் ஆசிரியரே. அடுத்த ஆண்டு இருவரும் தஞ்சை மாநகர் சென்று, லேடி நேப்பியர் பெண்பாடசாலையிற் பணியேற்றனர். கணவரும் மனைவியும் ஒருங்கே சென்று பெண்மக்களுக்குக் கல்வி புகட்டிய காட்சியை எண்ணிப் பார்க்க. பெண்கள் எழுத்தறிவதே வீண் என்று பலர் கருதிய காலம் அது. பள்ளியலுவல் போக எஞ்சிய நேரத்தில் இருவரும் மருந்து செய்து பிணியாளர்க்கு உதவினர். மருத்துவம் பெருகவே, 1890ஆம் ஆண்டளவில் ஆசிரியப் பணியை விடுத்து, முழுநேரமும் அதனையே மேற்கொண்டனர். கோரோசனை மாத்திரை முதலிய அவர்தம் மருந்துகள் தமிழ்நாட்டில் மட்டுமன்றி இலங்கை, பர்மா முதலிய நாடுகளிலும் விலைபோயின. பண்டிதர் என்னும் பெயரும் அவர்க்கு நிலைத்தது.

பெருகிய பொருளை அவர் மண்ணிற் புதைத்து வைக்கவில்லை. தஞ்சைக்குப் புறத்தே பெருந்தோட்டமொன்று அமைத்து, மூலிகைகளும் கரும்பும் பிறவும் பயிரிட்டு, உழவிற் புதுமுறைகளைச் சோதித்தார். சென்னைக் கவர்னராயிருந்த ஆர்தர் லாலி அத்தோட்டத்தை வந்து பார்வையிட்டனர். 1909ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் ராவ் சாகிப் பட்டமளித்தனர். மின்விசையால் இயங்கும் அச்சுக்கூடமொன்றையும் பண்டிதர் நிறுவினார். மருத்துவத்தால் வந்த பொருள், அச்சுக்கூடமாகி, முடிவில் இசைநூலாக வெளிப்பட்டது என்று சுருங்கச் சொல்லலாம்.

இசையின்கண் அவர்க்கெழுந்த ஐயமே அவரது பெரும்பணிக்கு வித்தாயிற்று. தஞ்சை அக்காலத்தில் வித்துவான்கள் நிறைந்த ஊர். அவர்கள் பாடக் கேட்டு மகிழ்ந்த பண்டிதர், சுருதிகள் எத்துணை, அவை எக்கணக்கால் அமைந்தன, இராகங்கள் எங்ஙனம் பிறக்கின்றன என்று வினவினார். இருபத்திரண்டு சுருதிகள் என்று வடமொழி இசைநூல்கள் கூறுவதையே பலரும் விடையாகத் தந்தனர். வாத்தியத்தில் அவற்றை அளந்து காட்டுக என்றபோது, ஒருவர் காட்டியது மற்றொருவர் காட்டியதனோடு ஒத்துவரவில்லை. இந்த இடத்திற் பலர் வினாவை விட்டுவிடுவர், அவர் விடவில்லை.

1892ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சிட்டு வெளிப்படுத்தியிருந்தனர். அதன் அரங்கேற்று காதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும், அவற்றின் உரைகளிலும், பழந்தமிழர் இசையிலக்கணம் பொதிந்துகிடந்தது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளின் பெயரைத் தமிழ்ப் புலவர் பொருளறியாது ஓதினர்; இசை வித்துவான்களோ அந்நூலைத் தொட்டிலர். இருதிறத்தார்க்கும் இடைநின்ற பண்டிதர், புலவர் கையிலிருந்த ஏட்டையும் வித்துவான் கையிலிருந்த வீணையையும் ஒருங்கே வைத்து ஆராயத் தொடங்கினார்.

அவர் கண்ட முறையை இயன்றவளவு எளிதாகக் கூறுவாம். ஒரு தந்தியை மீட்டி எழும் ஒலியைச் சட்சமெனக் கொண்டால், அத்தந்தியிற் சரிபாதியை மீட்ட மேற்சட்சம் பிறக்கும். மூன்றில் இரண்டு பங்கை மீட்டப் பஞ்சமம் பிறக்கும். அப்பஞ்சமமே தமிழில் இளி எனப்படும். பஞ்சமத்திற்குப் பஞ்சமம், அதற்குப் பஞ்சமம் என்று தொடர்ந்து சென்றால் ஒரு தாயிக்குரிய பன்னிரண்டு நிலைகள் கிடைக்கும். பன்னிரண்டு நிலைகளை வட்டமாக வைத்து, குரலை ஒவ்வொரு நரம்பிற்கும் மாற்றி வாசிக்க, வெவ்வேறு பாலைகள் பிறக்கும். இப்பன்னிரண்டு அமைந்தது ஆயப்பாலை என்றும், அதனை இருமடங்காக்கிய இருபத்துநான்கு அமைந்தது வட்டப்பாலை என்றும், நாற்பத்தெட்டு அமைந்தது திரிகோணப்பாலை என்றும், தொண்ணூற்றாறு அமைந்தது சதுரப்பாலை என்றும் பண்டிதர் வகுத்தார். சுருதிகள் இருபத்திரண்டல்ல, சம அளவுடைய இருபத்துநான்கே என்பது அவரது முடிபு. அதனைக் கணக்கிட்டும், வீணையில் வாசித்தும் நிலைநாட்ட முற்பட்டார்.

தாம் கண்டதைத் தம் வீட்டினுள்ளே வைத்துப் போற்றாது, அறிஞர் பலர் முன்னிலையில் வைத்துச் சோதிக்க விரும்பியதே அவரது பெருந்தன்மை. 1912ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் தஞ்சையிற் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தின் முதற் கூட்டத்தை அவர் கூட்டினார். அதனையடுத்தும் கூட்டங்கள் நிகழ, எல்லாமாக ஏழு மாநாடுகள் நடந்தேறின. வந்தோர் உணவும் உறையுளும் உட்பட, செலவைப் பண்டிதரே தாங்கினர். பாடகர், வீணை வாசிப்போர், நூலறிவுடையோர் எனப் பல குலத்தாரும் பல சமயத்தாரும் அங்கே ஒருங்கு கூடினர். தாமிரபரணிக் கரையிலுள்ள ஹரிகேசநல்லூரைச் சார்ந்த முத்தையா பாகவதரும் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டவராவர்; பின்னாளில் அவர் மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் இசைப்பள்ளிகளில் ஆசானாய் விளங்கினார். சென்னையிற் சங்கீத வித்வத் சபை தோன்றியது 1928ஆம் ஆண்டிலாகும். அதற்குப் பதினாறாண்டுகட்கு முன்னரே, தனியொருவர் தம் பொருள்கொண்டு இசைக்கென ஒரு சங்கம் கண்டார் என்பது எளிய செய்தியன்று.

அக்காலத்து நம்மவர் நிலையையும் இங்கே நினைத்தல் வேண்டும். சிவகாசியில் 1899ஆம் ஆண்டு நம்மவர்க்கு நேர்ந்த துன்பங்களைப் பெரியோர் வாயிலாக நாம் கேட்டிருக்கின்றோம். கோயில் வாயிலிற் புகுவதற்கே வழக்காடிய தலைமுறை அது. தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த பொறையாற்றில் நாடார் மகாஜன சங்கம் தோற்றம் பெற்றதும் 1910ஆம் ஆண்டிலேயாம். அந்நாளிற் சாம்பவர்வடகரைப் பள்ளியாசிரியர் ஒருவர் தஞ்சை வித்துவான்களைத் தம் இல்லத்திற்கு அழைத்து, அவர்கள் நடுவே அமர்ந்து, இசையிலக்கணத்தைப் பற்றி வாதம் புரிந்தார் என்றால், அவர்க்கு அவ்விருக்கையை அளித்தது யாது? குலமன்று, செல்வம் மட்டுமன்று, கற்ற கல்வியும், கணக்கின் துணிவுமேயாம்.

1916ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பரோடா மகாராஜாவின் ஆதரவில், பாத்கண்டே என்னும் இசைப் பேரறிஞரின் முயற்சியால் அகில இந்திய சங்கீத மாநாடு நடந்தது. இருபத்திரண்டு சுருதிக் கொள்கையினராகிய கிளெமெண்ட்ஸ் துரையும் தேவல் என்பாரும் அங்கு வந்திருந்தனர். தென்கோடியினின்று சென்ற பண்டிதர் தம் கொள்கையை அச்சபையில் எடுத்துரைத்தார். உரைத்ததை மெய்ப்பிக்கத் தம்முடன் அழைத்துச் சென்றவர் யார் என்பதே நாம் கருத்திற் கொள்ள வேண்டுவது. தாமே பயிற்றிய தம் பெண்மக்களையே அழைத்துச் சென்றார். அவர் மகளார் மரகதவல்லி அம்மையார் வீணையேந்தி, நுண்சுருதிகளை அச்சபையோர் கேட்ப இசைத்துக் காட்டினார். நம் குலப் பெண்ணொருத்தி, ரயிலேறிப் பல நாள் வழிச்சென்று, மன்னரும் மதிவாணரும் கூடிய சபையிலே, தந்தையின் ஆராய்ச்சிக்குத் தானே சான்றாக அமர்ந்தாள். இது நிகழ்ந்து நூறாண்டுகட்கு மேலாயிற்று. நாமோ பெண்மக்களை வகுப்பிற் சேர்க்கலாமோ என்று இன்னும் கூடிப் பேசுகின்றோம்.

மறு ஆண்டு, 1917இல், ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கொண்ட கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. தமிழிசையின் தொன்மை, சுருதிகளின் கணக்கு, முன்னோர் கொள்கைகள், அவற்றின்மேல் தடைவிடைகள் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். அன்றியும், மாணவர் தாய்மொழியிலேயே இசை பயிலுதல் வேண்டுமென்று கருதித் தமிழிற் பயிற்சிப் பாடல்களும் கீர்த்தனைகளும் அவர் இயற்றினார். 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31ஆம் நாள், அறுபதாம் பிராயத்தில், பண்டிதர் இறைவனடி சேர்ந்தார். அவர் விட்ட பணியை மக்கள் தொடர்ந்தனர். மைந்தர் வரகுண பாண்டியனார் யாழைப் பற்றி ஆராய்ந்து பாணர் கைவழி என்னும் யாழ்நூலை 1950இல் வெளியிட்டார்.

புகழ்ச்சி மட்டும் கூறிக் குறையை மறைத்தல் சரித்திரம் எழுதுவார்க்கு அழகன்று. பண்டிதரின் இருபத்துநான்கு சுருதிக் கொள்கையை அக்கால வித்துவான்களுட் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. பாடுவோர் மிடற்றில் எழும் நுண்ணிய அசைவுகள் சம அளவிற்குள் அடங்கா என்பது அவர் கூற்று. பிற்கால ஆராய்ச்சியாளரும், சிலப்பதிகாரத்துப் பாலைகளுக்கு வேறுவகையாகப் பொருள் கொண்டனர். தமிழின் தொன்மை குறித்து அந்நூல் கூறுவனவற்றுள்ளும் இக்காலத்து அறிஞர் ஏலாதன உண்டு. ஆயினும், பண்டைத் தமிழ்நூலில் முறையான இசையிலக்கணம் உண்டென்றும், இன்று பாடும் இராகங்கட்கு அது அடிப்படையென்றும், அதனை எண்ணாலும் செவியாலும் சோதிக்கலாமென்றும் காட்டிய பெருமை அவர்க்கே உரியது. 1943இல் சென்னையில் அண்ணாமலைச் செட்டியார் தோற்றுவித்த தமிழிசைச் சங்கமும், 1947இல் வெளிவந்த விபுலானந்த அடிகளின் யாழ்நூலும் அவர் நடந்த பாதையின் வழியில் வந்தவையே. காடு திருத்தி முதற்சால் உழுதவனது கொழு சிலவிடத்துக் கோணிச் சென்றிருக்கலாம். அதனால் அவன் உழவனல்லன் ஆகான்.

எம் வாழ்க்கையில் நேர்ந்த ஒன்றையும் இங்கே கூறுதல் பொருந்தும். யாம் பன்னிரண்டு வயதினராயிருந்த காலத்தில், எந்தையார் எம்மை அயலூரிலிருந்த ஒரு பிடில் ஆசிரியரிடம் அழைத்துச் சென்றனர். அவர் எம்மைப் பாடச் சொல்லவில்லை. எம் கைவிரலையும் நோக்கவில்லை. எம் குடிவழியை மட்டும் வினவி, இடமில்லை என்று கூறி அனுப்பிவிட்டார். எந்தையார் வழிநெடுகப் பேசாமலே வந்தனர். அதன்பின் யாம் தமிழ் பயின்று ஆசிரியராயினோம். இசையோ எமக்குக் கேள்வியோடு நின்றுவிட்டது. வகுப்பிற் செய்யுளைப் பண்ணோடு சொல்ல வேண்டிய போதெல்லாம் அக்குறை எமக்கு இன்றும் தோன்றுகின்றது. அன்று எம்மைக் கேட்ட அதே கேள்வியை, இன்று நம் சங்கத்திற்கு வரப்போகும் ஆசிரியர் ஒருவரை நோக்கி நாமே கேட்பதற்கு எம் நா எழவில்லை.

இனி மூன்று ஐயங்களுக்கும் விடை கூறி முடிப்பாம். ஆசிரியர் எக்குடியினர் என்று கேட்டிருந்தால், சடையாண்டிப் பத்தரிடம் ஆபிரகாம் பயின்றிரார். கருணானந்தர் அவர்க்கு மருந்து உணர்த்தியிரார். தஞ்சை மாநாடும் கூடியிராது. நாம் வினவத்தக்கது வேறு: அவர் யாரிடம் எத்தனையாண்டு பயின்றார்? சுருதி வழுவாது பாடவும் வாசிக்கவும் வல்லரா? பிள்ளைகளிடத்துப் பொறுமையுடையரா? கற்பித்தலோடு தாமும் கற்கின்றாரா? இவற்றை ஆராய்க, நன்றாக ஆராய்க. வில்லுப்பாட்டுப் புலவராயினும், கோயிலில் நாகசுரம் வாசிப்பவராயினும், சபையில் ஆர்மோனியம் வாசிப்பவராயினும், கல்லூரியிற் பட்டம் பெற்றவராயினும், அத்தகுதி உடையாரே நம் ஆசிரியராகுக.

பெண்மக்களைப் பற்றிய ஐயத்திற்கு மரகதவல்லி அம்மையாரின் வீணை விடையளித்துவிட்டது. யாம் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. பிழைப்பைப் பற்றிய ஐயமும் பண்டிதர் வாழ்க்கையால் நீங்கும். அவர் பள்ளியாலும் மருந்தாலும் உழவாலும் பிழைத்தார், இசையால் வாழ்ந்தார். நம் ஊர்ப் பிள்ளைகளும் அணுமின் நிலையத்திலோ, கடையிலோ, அயல்நாட்டிலோ, எத்தொழிலேனும் செய்து பொருளீட்டுக. மாலையில் வீடு திரும்பிக் கையிலொரு வாத்தியமெடுத்து அமரும் ஆற்றல் அவர்க்கு இருக்குமாயின், அவர் இல்லத்திற் குடியும் சூதும் எளிதிற் புகா என்பது எம் துணிபு.

பண்டிதர் பிறந்த ஊர் நம் சீமையின் வடமேற்கே மலைச்சாரலை நோக்கியது. நம் ஊர் தென்கோடியிற் கடலை நோக்கியது. இரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்தில் எத்துணையோ குழந்தைகள் நல்ல செவியோடும் குரலோடும் பிறந்து, கேட்பாரின்றிக் கழிந்திருப்பர். வரும் விசயதசமி நன்னாளில் நம் கட்டிடத்துக் கதவைத் திறந்து, ஒரு பாய் விரித்து, ஒரு தம்பூராவை மீட்டித் தொடங்குவோமாயின், அப்பெரியார்க்கு நாம் செய்யும் நன்றிக்கடன் அதுவேயாகும். அன்பர்கள் அடுத்த கூட்டத்தில் தத்தம் கருத்தைத் தெரிவிக்குமாறு வேண்டுகின்றோம். பிள்ளைகளையும் உடன் அழைத்து வருக.